தோணி யாருடையது?

எங்கட கூட்டத்தில் புத்தகம் வாசிக்கிற எல்லாருக்கும் ஹெமிங்வேயின் கிழவனைத் தெரியும். 1952இல் வந்த 'கிழவனும் கடலும்' கதையில் எத்தனை நாள் மீன் படவில்லை என்று கேட்டால், 84 என்று டக்கெண்டு சொல்லுவம். ஆனால் உட்துறைமுக ஜெட்டியில் நின்றால் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூதூரில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, அந்தக் கடலையே எழுதின வ. அ. இராசரத்தினத்தை எங்களில் எத்தனை பேர் வாசிச்சிருக்கிறம்? வெட்கமாத்தான் இருக்கு.

இராசரத்தினம் 1925இல் பிறந்தவர், 2001இல் காலமானார். 1962இல் வந்த அவருடைய 'தோணி' தொகுதிக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. விமர்சகர்கள் அவரை 'மண்வாசனை எழுத்தாளர்' என்று சொல்லி ஒரு மூலையில் இருத்திவிட்டார்கள். எங்களுக்கு இந்தச் சொல்லில்தான் கோபம். மண்வாசனை என்றால் என்ன? காயல், வெண்மணல், கண்டல் மரம் என்று ரசித்துவிட்டுப் போறதா?

தலைப்புக் கதையில் ஒரு மீனவப் பொடியன் தனக்கென்று ஒரு தோணிக்கு ஏங்குகிறான். அவன் கேட்கிறது ஒரு தொழில் கருவியை. அது கையில் இல்லாதவனுக்குக் கடல் எவ்வளவு பெரிதாக இருந்தும் என்ன? இதை வாசித்த பிறகு ஹெமிங்வேயிடம் திரும்பிப் போனபோது, முன்னம் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. சந்தியாகோ பரம ஏழைதான், ஆனாலும் அந்தப் படகு அவனுடையது. விடியப்புறம் யாரையும் கேட்காமல் தள்ளிக்கொண்டு போகலாம். தகழியின் 'செம்மீன்' (1956) இன்னும் கிட்ட வருகிறது. செம்பன்குஞ்சுவுக்கும் சொந்த வள்ளமும் வலையும்தான் கனவு. நாங்களோ அந்த நாவலைக் காதல் கதையாகவே பேசிப் பழகிவிட்டம்.

இது பழைய கதை இல்லை. எங்களோடு படிச்ச பொடியன்கள் சிலர் இண்டைக்கும் முதலாளியின் ஃபைபர் போட்டில்தான் தொழிலுக்குப் போறாங்கள். எண்ணெய்க் காசு கழித்து, போட்டுக்கும் என்ஜினுக்கும் வலைக்கும் பங்கு போனபிறகு மிஞ்சுறதுதான் அவங்களுக்கு. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனபோது, முதலில் கரையில் குந்தினது அவங்கள்தான். அந்தச் செலவை முதலாளி தன்ர பங்கில் எடுக்கேல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூதூர் என்றால் வெளியிலுள்ளவர்களுக்கு ஞாபகம் வருவது 2006 ஆகஸ்ட்: ஷெல், இடம்பெயர்வு, கொலைகள். அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஊரை அதன் சாவை வைத்து மட்டும் தெரிந்துகொள்வது அந்த ஊருக்குச் செய்கிற அநியாயம். அதற்கு முந்தின மூதூரில் சனம் எதற்கு ஆசைப்பட்டது, எதைக் கண்டு பொறாமைப்பட்டது என்பதெல்லாம் இந்தக் கதைகளில்தான் கிடக்கு.

பழைய பதிப்பைக் கடையில் தேடி அலைய வேண்டாம், கிடைப்பது கஷ்டம். 'நூலகம்' இணையத்தளத்தில் தேடிப் பாருங்கோ, போனிலேயே வாசிக்கலாம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது; இப்ப மூதூருக்குத் தரைவழியாகவே போயிடலாம் எண்டாலும், முதல் தடவை வாசிக்கிறவை லாஞ்சில் போகும்போது வாசியுங்கோ. கதை சின்னது, அக்கரை வருவதற்குள் முடிஞ்சிடும்.