குளக்கரைப் பூங்காவும் கருத்துக் கேட்பும்: கரையில் வாழ்ந்தவர்களின் இருக்கை எங்கே?

கோயம்புத்தூர் உக்கடம் பெரியகுளத்துக்கும் வாலாங்குளத்துக்கும் இன்று மாலை நேரங்களில் பெருங்கூட்டம் வருகிறது. நடைபாதை, மிதிவண்டிப் பாதை, வண்ண விளக்குகள், சிறுவர் விளையாட்டுத் திடல் எனக் குளக்கரை உருமாறியிருக்கிறது. குளங்கள் சீரமைக்கப்பட்டதை எவரும் குறை சொல்லவில்லை. சாக்கடையும் குப்பையும் கலந்த அந்த நீரின் நாற்றத்தையும் கொசுவையும் பல்லாண்டுகள் சுமந்தவர்கள் கரையோரத்து உழைக்கும் மக்களே. ஆனால் சீரமைப்பு முடிந்தபோது அவர்களில் பலர் அந்தக் கரையில் இல்லை.

சீர்மிகு நகரத் திட்டத்தை ஒன்றிய அரசு 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. 2016 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதல் 20 நகரங்களின் பட்டியலிலேயே கோவை இடம்பெற்றது. நகரங்களுக்கிடையே நடத்தப்பட்ட அந்தப் போட்டியில் குடிமக்களிடம் கருத்துக் கேட்பதும் மதிப்பெண்ணுக்குரிய ஓர் அம்சம். ஆகவே நகரங்கள் ‘மைகவ்’ இணையதளத்தின் வழியாகவும் பிற வழிகளிலும் மக்களின் கருத்துகளைத் திரட்டின. இத்தகைய கருத்துக் கேட்புகளுக்கென்று ஓர் இயல்பு உண்டு. நடைபாதை எத்தனை அடி அகலம் வேண்டும், படகுச் சவாரி வேண்டுமா, சிற்றுண்டிக் கடைகள் எங்கே அமையலாம் என்றெல்லாம் கேட்பார்கள். கரையில் குடியிருப்பவர்கள் அங்கேயே இருக்கலாமா என்ற வினா மட்டும் படிவத்தில் வராது. கேட்பதற்கு முன்பே அதற்கு விடை எழுதப்பட்டுவிடுகிறது.

முத்தண்ணன் குளக்கரை உள்ளிட்ட கோவைக் குளக்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற இடங்களில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அவை நகரின் மையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளவை. விடியும் முன்பே நகரத் தெருக்களைப் பெருக்கத் தொடங்க வேண்டிய தூய்மைப் பணியாளருக்கும், நான்கு வீடுகளில் வேலை செய்து திரும்பும் பெண்ணுக்கும் அந்தத் தொலைவே பெருந்தண்டனை. குளக்கரைக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களில் தலித் மக்கள், குறிப்பாக அருந்ததியர், கணிசமானவர்கள் என்பது கோவையை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் மனை கிடைக்காத மக்களுக்குப் புறம்போக்கும் நீர்நிலைக் கரையும்தான் எஞ்சின என்ற வரலாற்றை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற ஒற்றைச் சொல் துடைத்தெறிந்துவிடுகிறது.

சட்டத்தின் அமைப்பே இங்குச் சாய்வாக இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின்படி, தனியார் நிலத்தை அரசு எடுக்கும்போது பொதுவாகச் சமூகத் தாக்க மதிப்பீடும் அதையொட்டிய பொது விசாரணையும் உண்டு. குளக்கரையோ ஏற்கெனவே அரசின் நிலம். கையகப்படுத்தல் இல்லை, எனவே மதிப்பீடும் இல்லை, விசாரணையும் இல்லை. பட்டா வைத்திருப்பவரின் குரல் பதிவாகிறது. பட்டா இல்லாதவருக்கு 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் கீழ் அறிவிப்புத்தான் வருகிறது. ஒரே திட்டத்தில் நகரவாசி கருத்தாளர் ஆகிறார், கரைவாசி எதிர்மனுதாரர் ஆகிறார்.

நீர்நிலை வழக்குகளில் அரசுத் தரப்பு தவறாமல் எடுத்துக்காட்டுவது ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று அளித்த தீர்ப்பு. பொது நிலங்களிலும் குளங்களிலும் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்று அது ஆணையிட்டது உண்மை. அதே தீர்ப்பின் இறுதிப் பகுதியில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது: அரசின் அறிவிக்கையின்படி நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கோ குத்தகை வழங்கப்பட்டிருந்தால் வரன்முறைப்படுத்துவதைப் பரிசீலிக்கலாம். இது குறுகிய விதிவிலக்குதான், எல்லாக் கரைவாசிகளுக்கும் பொருந்தாது. ஆயினும் யாருக்குப் பொருந்தும் என்று ஆராய, அவர்களிடம் உள்ள ஆவணங்களை முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். வழக்கமாக அந்த வாய்ப்பு பொக்லைன் இயந்திரம் வந்த பிறகே கிடைக்கிறது.

அஜய் மாக்கன் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் வேறொரு பாதையைக் காட்டியது. தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் துணைக்கொண்டு, குடியிருப்பை அகற்றுவதற்கு முன் அங்கு வாழ்பவர்களோடு பொருள் பொதிந்த கலந்துரையாடல் நடந்திருக்க வேண்டும் என்று அது கூறியது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டி வாதிடத் தடையேதும் இல்லை. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இன்னும் தெளிவானது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் உரிய இடம் வேண்டும் என்று அது எண்களால் பேசுகிறது. குளக்கரையில் சுண்டல் விற்பவருக்குச் சட்டம் தரும் இந்த இருக்கை, அதே கரையில் முப்பது ஆண்டுகள் குடியிருந்தவருக்குக் கிடையாது.

பூங்கா அமைந்த பின் அதற்குள் நுழையும் உரிமை அடுத்த கேள்வி. பொதுக் கிணறு, குளம், சாலை அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். மகாடு நகராட்சியும் அதே ஆண்டில் சவுதார் குளத்தைத் தீர்மானத்தின் மூலம் திறந்துவிட்டது. தலித் மக்கள் அந்த நீரைக் கையால் அள்ள 1927 மார்ச் 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, வழக்கு முடிய 1937 ஆயிற்று. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவில் குளமும் பொது இடமும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருப்பது இந்த வரலாற்றால்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தமும் பொதுச் சொத்து வளங்களையும் நீர்நிலைகளையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. நுழைவுக் கட்டணமும் சுற்றுவேலியும் எவரது சாதியையும் விசாரிப்பதில்லை. எனினும் துணி துவைக்கவும் ஆடு மாடு கழுவவும் மீன் பிடிக்கவும் குளத்துக்கு வந்தவர்கள் வெளியே நிற்க, நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் உள்ளே இருப்பது தற்செயல் அல்ல.

நான் பங்கேற்ற ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு நடந்தது. திட்ட அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. குடிசைப் பகுதியிலிருந்து வந்த இரண்டு பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேசாமலே எழுந்து போனார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்களின் கையொப்பம் மட்டும் இருந்தது. கருத்துக் கேட்கப்பட்டதற்கு அதுவே சான்றாகிவிடும்.

இதைத் தடுக்கப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கியுள்ளன. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். குளக்கரை மக்கள் தங்கள் பகுதி சபையில் திட்டத்தை முன்வைக்கக் கோரலாம், எதிர்ப்பைத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(சி), 4(1)(டி) பிரிவுகளின்படி, மக்களைப் பாதிக்கும் முடிவின் விவரங்களை அரசு தானே வெளியிட வேண்டும், பாதிக்கப்படுவோருக்குக் காரணமும் சொல்ல வேண்டும். திட்ட அறிக்கையின் தமிழ் வடிவம், கரைவாசிகளின் கணக்கெடுப்புப் பட்டியல், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகிய மூன்றையும் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பணி ஆணை வழங்கப்பட்ட பின் நீதிமன்றத்துக்குச் சென்றால், ‘திட்டம் பாதியைத் தாண்டிவிட்டது’ என்ற ஒரே வரியோடு அரசு வழக்கறிஞர் எழுந்து நிற்பார்.