சிமுலேஷன் பட்டப்படிப்புகளின் கட்டணமும் வேலைவாய்ப்புக் கணக்கும்: நிலைப்பாட்டு அறிக்கை

சிமுலேஷன், மெய்நிகர் மாதிரியாக்கம் ஆகிய பெயர்களைத் தாங்கி நடத்தப்படும் பட்டப்படிப்புகள் குறித்து எங்கள் கூட்டமைப்பு தன் நிலைப்பாட்டை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று வடசென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கிளைகள் வலியுறுத்திவந்த நிலையில், பொறியியல் கலந்தாய்வு தொடங்குமுன் அதை வெளியிடுவது எனச் செயற்குழு முடிவு செய்தது. ஏஐசிடிஇ எனப்படும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், ஒரு பாடப்பிரிவுக்கு இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பைத் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு 2024-25 கல்வியாண்டு முதல் நீக்கியதும், அதன் பின் கணினி சார்ந்த பிரிவுகள் பெருத்ததும் உறுப்பினர்கள் அறிந்தவை.  அவற்றை இங்கே மீண்டும் விரிக்க வேண்டியதில்லை.

ஒரு கப்பல் அலையில் எப்படிச் சாயும், ஒரு பேருந்தின் சட்டகம் மோதலில் எப்படி நசுங்கும், குழாயிலிருந்து கசியும் வாயு எவ்வளவு தொலைவு பரவும் என்பனவற்றைச் சமன்பாடுகளாக எழுதிக்கொள்வது மாதிரியாக்கம். அச்சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டி, நடக்குமுன்பே விளைவைக் காண்பது சிமுலேஷன். கண்ணில் மாட்டும் கருவி வழியே ஆளையே அந்தக் காட்சிக்குள் நிறுத்துவது மெய்நிகர் மெய்ம்மை. இவை எவையும் இத்தொழிற்பகுதிக்கு அயலானவை அல்ல. ராடாரைக் கையாளும் கப்பல் அதிகாரிகளுக்குச் சிமுலேட்டர் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருப்பது எஸ்டிசிடபிள்யூ என்னும் பன்னாட்டு மாலுமிப் பயிற்சி உடன்படிக்கை. பெட்டக முனையங்களில் கிரேன் இயக்குவோர் சிமுலேட்டரில் பழகுவது உலக வழக்கம். கனரக வாகனங்களை வடிவமைத்துச் சோதிக்கும் மையம் ஒன்று வெள்ளிவாயல்சாவடியிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை நிறைத்தபோதும், அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோதும், எது எந்தப் பக்கம் போகும் என்று சொல்லும் கணிப்பு ஊர்மக்கள் கையில் இல்லை. அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய திசைதான் அன்றிரவு கிடைத்த ஒரே மாதிரியாக்கம். ஆகவே இத்துறை தேவையற்றது என்று கூட்டமைப்பு கருதவில்லை. இத்துறையின் பெயரால் விற்கப்படும் பட்டத்துக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள், கொடுத்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதே இவ்வறிக்கையின் பொருள்.

தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017-18-ஆம் கல்வியாண்டில் கட்டண நிர்ணயக் குழு வகுத்த அளவின்படி, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பிரிவானால் 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000 ரூபாய். தரச்சான்று பெற்ற பிரிவில் நிர்வாக இடம் வாங்கினால் நான்கு ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கில் மட்டுமே 3,48,000 ரூபாய் ஆகும். பேருந்து, விடுதி, மென்பொருள் உரிமம், வேலைவாய்ப்புப் பயிற்சி என்று தனித்தனி ரசீதுகளிலும் சில வேளைகளில் ரசீதே இல்லாமலும் வசூலாகும் தொகை இதில் அடங்காது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களை இந்த அளவு கட்டுப்படுத்துவதே இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் சட்டமாக்கப்பட்ட 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் பெரும் உதவி என்பதை ஐயத்துக்கிடமின்றி இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆனால் அவை கலந்தாய்வு வழியே செல்வோருக்கு உரியவை. புதுப்பெயர்ப் படிப்பு ஒன்றின் நிர்வாக இடத்துக்கு முன்பணம் கட்டுபவருக்கு அவற்றால் பயனில்லை.

முன்பணம் கேட்கப்படும் காலமும் கவனத்துக்குரியது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாள்களில் காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டுக்கு வருவது அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம். பிளஸ் டூ முடிவுகள் வருவதும், இன்றே கட்டினால் இடம் உறுதி என்று கல்லூரி முகவர்கள் வீடு தேடி வருவதும் அதே நாள்களில்தான். வங்கிக் கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது விதியாக இருந்தாலும், கடன் அனுமதிக்கும் முன்பே முன்பணம் கட்டியாக வேண்டியிருப்பதால் அது நகை அடகுக்கடையிலிருந்தோ தண்டல்காரரிடமிருந்தோ வருகிறது. இவ்வாறு ஒரு பட்டத்தின் விலையில் விவரப் புத்தகத்தில் அச்சாகாத வட்டியும் சேர்கிறது.

விளைவு பற்றிய பகுதியே செயற்குழுவில் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. அறிக்கையும் இதிலேயே நிற்க விரும்புகிறது. கல்லூரி விளம்பரங்களில் காணும் வேலைவாய்ப்பு விழுக்காடு எந்த எண்ணை எந்த எண்ணால் வகுத்துப் பெறப்பட்டது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: 60 பேர் சேர்ந்த பிரிவில் 10 பேர் இடையில் நின்றுவிடுகின்றனர், 20 பேர் அரியர் இருப்பதால் நேர்காணலுக்குத் தகுதியற்றோர் என ஒதுக்கப்படுகின்றனர், எஞ்சிய 30 பேருக்கு 27 பணி அழைப்புகள் வருகின்றன. விளம்பரத்தில் இது 90 விழுக்காடு. சேர்ந்தவர் அனைவரையும் கொண்டு வகுத்தால் 45 விழுக்காடு. ஒருவருக்கே இரண்டு மூன்று அழைப்புகள் வந்திருந்து, உண்மையில் அழைப்புப் பெற்றவர்கள் 15 பேர்தான் என்றால், 25 விழுக்காடு. மூன்று எண்களுக்கும் கணிதத்தில் பிழை ஒன்றும் இல்லை. பெற்றோருக்குக் காட்டப்படுவது முதல் எண் மட்டுமே. அழைப்புக் கடிதம் வந்தும் பணியில் சேரும் நாள் வராதவர்களும், பயிற்சியாளர் என்ற பெயரில் ஓராண்டு உழைத்து வெளியே அனுப்பப்பட்டவர்களும், சிமுலேஷன் படித்துவிட்டு வாடிக்கையாளர் சேவை மையத்தில் தொலைபேசி எடுப்பவர்களும் இந்தக் கணக்கில் வேலை பெற்றவர்களே.

ஒழுங்குமுறை இல்லாததால் இது நடக்கிறது என்று சொல்லவும் இயலாது. ஏஐசிடிஇ வகுத்துள்ள கட்டாய வெளிப்படுத்தல் படிவத்தில், கல்லூரி தன் ஒவ்வொரு படிப்புக்கும் உரிய இடங்களையும் கட்டணத்தையும், கடந்த மூன்று ஆண்டுகளில் வளாகத் தேர்வில் கிடைத்த குறைந்தபட்ச, அதிகபட்ச, சராசரி ஊதியத்தையும் வெளியிட வேண்டும் என்று இருக்கிறது. தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், உரிய காலத்தில் பட்டம் பெற்றோர் எத்தனை பேர், வேலை பெற்றோர் எத்தனை பேர், அவர்களின் இடைநிலை ஊதியம் என்ன என்பதைத் தெரிவிக்கின்றன. இடைநிலை ஊதியம் என்பது எல்லாருடைய ஊதியத்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால் நட்டநடுவில் நிற்கும் தொகை, ஒருவருக்குக் கிடைத்த பெருந்தொகை அதைச் சராசரியைப் போல உயர்த்திக் காட்டிவிட முடியாது. இரண்டு ஏற்பாடுகளும் நல்லவை. ஆனால் தரவரிசைக் கணக்கு நான்காண்டு இளநிலைப் பட்டங்கள் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டிவிடுவதால், பழைய கணினிப் பிரிவின் நல்ல பெயருக்குள் புதிய பிரிவின் நிலை மறைந்துகொள்கிறது. ஏஐசிடிஇ படிவமோ மூன்று ஆண்டு வரலாற்றைக் கேட்கிறது. புதிய படிப்புக்கு வரலாறே இல்லை.

கூட்டமைப்பின் முதன்மையான குற்றச்சாட்டு இதிலிருந்தே எழுகிறது. நான்காண்டுப் பட்டம் ஒன்றின் முதல் அணி வெளியேறி, அவர்கள் என்ன ஆனார்கள் என்பது தெரியவர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் பிரிவின் பெயர் மாறிவிடுகிறது. நேற்று அனிமேஷன், இன்று மெய்நிகர் மெய்ம்மை, நாளை டிஜிட்டல் இரட்டை. ஓர் ஆலையையோ இயந்திரத்தையோ கணினிக்குள் அச்சு அசலாக உருவாக்கி இரண்டையும் இணைத்து இயக்குவதற்குப் பெயர் டிஜிட்டல் இரட்டை. ஆய்வகக் கதவில் பலகை மாறுகிறது, உள்ளே இருக்கும் கணினிகள் அவையே, ஆசிரியர்களும் பெரும்பாலும் அவர்களே. பெயர் மாறியதும் கணக்கு மீண்டும் சுழியிலிருந்து தொடங்குகிறது. எனவே சேர வரும் மாணவர் எவருக்கும் முந்தைய அணியின் கதை ஒருபோதும் கிடைக்காது. தன் விளைவு தெரியவரும் முன்பே தன்னைக் கலைத்துக்கொள்ளும் ஒரு படிப்புக்கு ஒரு வீடு மூன்று நான்கு லட்சம் ரூபாயைக் கடனாக வாங்கித் தருகிறது; படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கும்போது அந்தக் கடனுக்கு மட்டும் யாரும் பெயர் மாற்றித் தருவதில்லை. இதைக் குறிக்க வரைவில் இடம்பெற்றிருந்த கடுமையான சொல் பெரும்பான்மைக் கருத்துக்கு இணங்க நீக்கப்பட்டுள்ளது. நீக்கப்பட்டதால் நிலைமை மென்மையாகிவிடவில்லை.

எல்லாக் கல்லூரிகளும் இவ்வாறு செய்வதாகக் கூட்டமைப்பு கூறவில்லை. பாடத்திட்டம் மாறும் வேகத்துக்கு ஏற்பப் பெயர் மாறுவது சில நேரங்களில் இயல்பே என்ற கருத்தும் செயற்குழுவில் பதிவானது. இருப்பினும், ஒரே ஆசிரியர் பல பொறியியல் கல்லூரிகளில் பணிபுரிவதாகக் கணக்குக் காட்டப்பட்டதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்த பிறகு, கல்லூரிகள் தாமே எழுதித்தரும் எண்களை அப்படியே நம்புங்கள் என்று பெற்றோரிடம் சொல்லும் துணிவு எவருக்கும் இருக்கக் கூடாது. ஆசிரியரையே போலியாகப் படைக்க முடிந்த இடத்தில் வேலையைப் படைப்பது எம்மாத்திரம்?

பிற கூறுகள் சுருக்கமாக. கடல்சார் படிப்புகளில் சிமுலேட்டர் எவ்வளவு உயர்ந்ததாயினும், ஓராண்டு டிப்ளமோ முடித்த கேடட் 18 மாதம் கப்பலில் பணிபுரிந்தாலன்றி இரண்டாம் நிலை அதிகாரித் தேர்வை நெருங்க முடியாது. கப்பல் கிடைக்காமல் காத்திருப்போருக்கு விவரப் புத்தகத்தின் பளபளப்பான மேல்தளப் படம் உதவாது. மென்பொருள் விலை உயர்ந்தது என்பதால் கட்டணம் உயர்ந்தது என்னும் வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. பிளெண்டர், ஓப்பன்ஃபோம், சைலேப் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன, மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களுள் பல தமிழிலும் கேட்கக் கிடைக்கின்றன. வாகன நிறுவனங்களின் சிமுலேஷன் பணிகளுக்குப் பொதுவாக இயந்திரவியல் பட்டமே கேட்கப்படுகிறது. கருவியைப் பின்னர் கற்கலாம், இயற்பியலைப் பின்னர் கற்பது கடினம். மாநில அரசு 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் மேம்படுத்தியபோது சேர்க்கப்பட்ட பயிற்சிகளில் வடிவமைப்பும் மெய்நிகர்ச் சரிபார்ப்பும் உண்டு. அங்கே கட்டணமில்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் வருகிறது. இந்த வழியைப் பற்றி இப்பகுதிப் பள்ளிகளில் போதுமான அளவு சொல்லப்படவில்லை என்பது கூட்டமைப்பின் கருத்து.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் என்னும் துறைமுக நகரில் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகம் 2010 வாக்கில் மாதிரியாக்கம், சிமுலேஷனுக்கென்றே இளநிலைப் பொறியியல் பட்டம் தொடங்கியதைச் சுட்டி, துறைமுகப் பகுதியான வடசென்னைக்கும் அது பொருந்தும் என்று வாதிடப்படுகிறது. அந்நகரில் உலகின் மிகப்பெரிய கடற்படைத் தளமும் அதைச் சார்ந்த நிறுவனங்களும் முன்பே இருந்தன. ஆள் கேட்கும் கை முதலில் நீண்டது, படிப்பு அதன் பின் வந்தது. இங்கே கேட்கும் கை எது என்பதை, அந்தப் பட்டத்தை நடத்த முன்வருவோர் நிறுவனப் பெயர்களோடும் ஆண்டுக்கு எத்தனை பேர் என்ற எண்ணோடும் காட்டட்டும்.

மேற்கண்டவற்றின் அடிப்படையில், புதிய பெயரில் தொடங்கப்படும் எந்தப் பிரிவும் தனக்கு முன்பிருந்த பிரிவின் மூன்று ஆண்டு வேலைவாய்ப்பு விவரத்தைத் தன் பெயரில் வெளியிட வேண்டும் என்றும், விழுக்காடு சேர்ந்தோர் எண்ணிக்கையைக் கொண்டே கணக்கிடப்பட வேண்டும் என்றும், சராசரிக்குப் பதில் பிரிவுவாரியான இடைநிலை ஊதியம் தரப்பட வேண்டும் என்றும் கூட்டமைப்பு கோருகிறது. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை ஒவ்வொரு பருவமும் வெளியிடுவதைப் போலவே இதையும் கலந்தாய்வு தொடங்குமுன் ஒரே பட்டியலாக வெளியிடுவது இயலாத செயலன்று. ஒரு மாணவருக்கு ஆண்டில் எத்தனை மணி நேரம் சிமுலேட்டரிலோ உரிய கணினியிலோ தனியாக அமரக் கிடைக்கும் என்பதும் அதில் இருப்பது விரும்பத்தக்கது. முன்பணம் வாங்குவதை ஜூன் 14-க்குப் பிறகு தள்ளிவைக்க வேண்டும் என்ற கோரிக்கை மீனவக் கிளைகளால் முன்வைக்கப்பட்டு, எதிர்ப்பின்றி ஏற்கப்பட்டது.

இப்படிப்புகளை முற்றாகப் புறக்கணிக்க வேண்டும் என்று எண்ணூர்க் கிளை கொண்டுவந்த திருத்தம் நிறைவேறவில்லை. ஏற்கெனவே சேர்ந்து படிப்போரின் மதிப்பை அது குறைக்கும் என்று மாணவர் பிரதிநிதிகள் சுட்டிக்காட்டியது பொருத்தமாகவே இருந்தது. அதற்கு மாற்றாக, மேற்சொன்ன விவரங்களைத் தராத பிரிவுகளில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம் என்று உறுப்பினர் குடும்பங்களுக்கு அறிவுரை வழங்குவதெனவும், கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்காதோரின் ரசீதுகளைக் கிளை அலுவலகங்களில் பெற்றுத் தொகுப்பதெனவும், ரசீது தரப்படாமல் வாங்கப்பட்ட தொகைக்குக் குடும்பத்தாரின் எழுத்துமூல வாக்குமூலத்தை ஏற்பதெனவும் முடிவு செய்யப்பட்டுள்ளது.