தெருவில் 13 நிமிடம்

"கலையால எதாவது மாறியிருக்கா பாஸ்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். மாறவில்லை என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நான் வணிகவியல் மாணவன். வரவு செலவு பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை :)

டெல்லியில் 1973ல் தொடங்கப்பட்ட குழு ஜன நாட்டிய மஞ்ச். சுருக்கமாக ஜனம். ஆரம்பத்தில் மேடை, விளக்கு, செட் எல்லாம் வைத்துப் பெரிய நாடகங்கள்தான் போட்டார்கள். அவசரநிலை முடிந்தபோது அவர்களை அழைத்துக்கொண்டிருந்த தொழிற்சங்கங்களிடம் காசு இல்லை. பெரிய நாடகத்துக்கு வழியில்லை என்றால் சின்னதாகப் போடுவோம் என்று இறங்கினார்கள். 1978ல் பிறந்தது 'மெஷின்'. மொத்தமே 13 நிமிடம்! செட் கிடையாது, திரை கிடையாது. நடிகர்களே கையையும் காலையும் அசைத்து, வாயால் சத்தம் எழுப்பி ஒரு இயந்திரமாக நிற்பார்கள். முதலாளி, காவலாளி, தொழிலாளி எல்லோருமே அதன் பாகங்கள். திடீரென்று இயந்திரம் நின்றுவிடும். ஏன் நின்றது என்பதுதான் கதை.

கதைக்குப் பின்னால் உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. டெல்லிக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கேட்டவை இரண்டே இரண்டு. சைக்கிள் நிறுத்த ஒரு இடம், டீ குடிக்க ஒரு கேன்டீன். பேச்சுவார்த்தை முற்றி, காவலர்கள் சுட்டதில் தொழிலாளர்கள் இறந்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்காக உயிர் போனது என்று செய்தித்தாளில் படித்தால் 'அடப்பாவமே' என்று அடுத்த பக்கம் போய்விடுவோம். அதையே கண்முன்னால் ஒரு மனித இயந்திரம் நின்று காட்டும்போது அப்படிப் போக முடியாது.

இனி செலவுக் கணக்கு. 1988 நவம்பரில் டெல்லி வட்டாரத் தொழிலாளர்கள் குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தக் கேட்டு ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு ஆள் திரட்ட ஜனம் ஒரு நாடகத்தை ஊர் ஊராகப் போட்டது. பிறகு அதையே மாற்றி 'ஹல்லா போல்' ஆக்கினார்கள். 1989 ஜனவரி 1 அன்று, காசியாபாத் நகராட்சித் தேர்தல் நேரத்தில், சாகிபாபாத் பக்கம் ஜண்டாப்பூரில் அது நடந்துகொண்டிருந்தபோது ஒரு கும்பல் புகுந்து தாக்கியது. ராம் பகதூர் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் தப்பட்டும் என்று கதவை மறித்து நின்ற சப்தர் ஹாஷ்மி அடிபட்டு மறுநாள் இறந்தார். வயது 34. ஜனவரி 4 அன்று அவர் மனைவி மொலோயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முழுதாக நடத்திவிட்டு வந்தார்கள். குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சம்பளத்துக்காகப் போராடியது நாடகமா? இல்லை. போராடியது சங்கம், வேலையை நிறுத்தியது தொழிலாளி. நாடகம் மட்டும் இருந்திருந்தால் கைதட்டிவிட்டுக் கலைந்திருப்பார்கள். ஆனால் ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிறவனைக் கேட் வாசலில் நிறுத்தி, அவன் பிரச்சினையை அவனுக்கே புரிகிற மாதிரி சொல்லும் வேலையை எந்த நோட்டீஸும் இந்த அளவு செய்யாது. எதிர்ப்புக் கலையின் வரவு என்று நான் எழுதுவது இதைத்தான். பின்னால் ஒரு இயக்கம் இருக்க வேண்டும், முன்னால் பாதிக்கப்பட்டவன் நிற்க வேண்டும்.

இந்த இரண்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு ஒரு கணக்கு. பேங்க்ஸி 2018ல் லண்டன் ஏலத்தில், விற்ற மறுநொடியே தன் படத்தைப் பாதி கிழியச் செய்தார். சந்தைக்கு எதிரான கிண்டல். சுமார் 10 லட்சம் பவுண்டுக்குப் போன அந்தப் படம், கிழிந்த கோலத்திலேயே 2021ல் சுமார் 1 கோடியே 86 லட்சம் பவுண்டுக்குப் போனது. சந்தையைத் திட்டினால் சந்தை அந்தத் திட்டையும் வாங்கிக்கொள்ளும். எனக்கு பேங்க்ஸி பிடிக்கும், அது வேறு விஷயம்.

சரி, நம்ம கல்லூரிகளுக்கு வருவோம். கல்ச்சுரல்ஸ் என்றால் 'வீதி நாடகப் போட்டி' கட்டாயம் இருக்கும். ஒரே நிற டி-ஷர்ட், ஒரு பறை, பிளாஸ்டிக் ஒழிப்பு அல்லது குடியின் கேடு, கோப்பை, ஸ்பான்சர் பேனர். பிளாஸ்டிக் வேண்டும் என்று வாதாட அங்கே ஒருத்தராவது வந்திருப்பாரா? எதிராளியே இல்லாத எதிர்ப்பு! எம்.ஆர்.ராதாவின் நாடகத்துக்குப் பயந்து இதே தமிழ்நாட்டில் 1954ல் ஒரு சட்டமே போட்டார்கள். நாடகத்தை முன்கூட்டியே காவல்துறைக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஞாநி வழக்குப் போட்டு, 2013ல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்போது நாம் போடும் நாடகங்களை யாரும் முன்கூட்டிப் பார்க்க ஆசைப்படமாட்டார்கள்.

அடுத்த போட்டிக்கு எங்கள் வகுப்பில் ஸ்கிரிப்ட் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டில் நிற்கும் ஒப்பந்தக் காவலாளி அண்ணனுக்குக் கல்லூரி ஏஜென்சிக்குக் கொடுப்பது எவ்வளவு, அவர் கைக்கு வருவது எவ்வளவு என்பதை வைத்து 13 நிமிடம் போடலாமே என்று சொல்லியிருக்கிறேன். அரங்கத்தில் வேண்டாம், கேட்டிலேயே போடுவோம். கேப்டன் "அனுமதி கேட்டுச் சொல்றேன்டா" என்று போயிருக்கிறான். நான்கு நாளாகிறது.