மார்ச்சில் மலை வேண்டாம் மச்சி

பொங்கல் லீவ் முடிஞ்சதும் எல்லா ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே கேள்விதான்: டூர் எங்கே? தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்த நமக்குப் பெரிய கோயில் விமானம்தான் மலை. அதனால் யாராவது கொழுக்குமலை சன்ரைஸ் ரீல் ஒன்றை அனுப்பினால் போதும், போல் போட்டு முடிவே பண்ணிடுவோம். தேதி? ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கும் செமஸ்டருக்கும் நடுவில். அதாவது மார்ச்.

நான் சொல்ல வந்தது இதுதான்: மலைக்குப் போங்க, ஆனா மார்ச்சில் போகாதீங்க.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்குப் பக்கத்தில் குரங்கணி. கொழுக்குமலை வரை ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னையிலிருந்து ஒரு குழு, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து இன்னொன்று. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரை வந்தும் 20-க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்ற முடியவில்லை. பலர் நம்மைவிட நாலைந்து வயதுதான் பெரியவர்கள்.

"தீ வந்தா ஓடிட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலில் தாள் எரிவதைப் பார்த்துப் பழகிய கேள்வி அது. சமதளத்தில் தீ மெதுவாக நகரும், நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். சரிவில் கதை வேறு. மேல்நோக்கிப் போகும் தீயின் ஜுவாலை சரிவை ஒட்டிச் சாய்கிறது. மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைக்கிறது. சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பது தீயணைப்புத் துறைகளில் சொல்லும் கணக்கு. அப்போ 30 டிகிரியில் எட்டு மடங்கு! பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடும் நம் வேகமோ பாதியாகிவிடும். 1994-ல் அமெரிக்காவின் கொலராடோ மலைச்சரிவு ஒன்றில் இப்படி ஏறி வந்த தீயில் பயிற்சி பெற்ற 14 தீயணைப்பு வீரர்களே இறந்தார்கள். நாம எம்மாத்திரம்?

குரங்கணிக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. 2025-ல் தீ சீசன் என்பதால் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை அவற்றை மூடியது. "போக நினைக்கிற நேரத்தில் மூடிட்டாங்க" என்று பலருக்குக் கடுப்பு. எனக்கு இந்தக் கடுப்பு புரியவில்லை. மேட்டூர் திறக்க ஜூன் 12 என்று ஒரு நாள் இருக்கு. ஆற்றுத் தண்ணியை நம்பி ஏப்ரலில் யாரும் நாற்று விடுவதில்லை. மலைக்கும் அப்படி ஒரு பட்டம் இருக்கு. வடகிழக்குப் பருவமழையில் ஆளுயரம் வளர்ந்த புல், பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து நிற்கும். ஒரு பீடித் துண்டு போதும்.

மூடியிருக்கும்போது யாரோ லோக்கல் ஆளைப் பிடித்துக் குறுக்கு வழியில் ஏறுவதுதான் பெரிய ஆபத்து. நாம் அங்கே இருப்பதே வனத்துறைக்குத் தெரியாது. தேடவும் யாரும் வரமாட்டார்கள்.

அதனால் ஜூனியர்ஸ், டூரை ஜனவரிக்கு மாத்துங்க. நவம்பர், டிசம்பர் எக்ஸாம் முடிந்து மழையும் விட்டிருக்கும், மலை பச்சையாக இருக்கும். பதிவு பண்ணி, வழிகாட்டியோடு போங்க. எப்போதாவது தீயைப் பார்த்தால் மேலே ஓடாதீங்க, ஓடைப் பள்ளத்துக்குள் இறங்காதீங்க. புகைபோக்கி மாதிரி தீயை அது இழுக்கும். வெறும் பாறையோ, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடமோ தேடுங்க.

மார்ச்சில்தான் போகணும்னா, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் அனுமதி வாங்கிப் படகில் போகலாம். பக்கத்திலேயே இருக்கு, நம்மில் பாதிப் பேர் இன்னும் பார்த்ததில்லை.