அப்பாரு பெட்டியில் தங்க ஷேவிங் செட்டா? உருக்கிடாதீங்க!

நம்ம கோயமுத்தூரில் பழைய தங்கம்னா ஒரே வழிதான். நேரா கடைக்குப் போய் உரைகல்லில் ஒரு இழுப்பு, எடை, அன்றைய ரேட், கடைசியில் உருக்கு. நகைக்கு இது சரி. அப்பாரு காலத்து ஷேவிங் செட்டுக்கும் இதையே செய்யறது அநியாயம் என்பது என் கட்சி.

முதல்ல ஆசையைக் கொஞ்சம் குறைச்சுக்கணும் நண்பர்களே. பீரோவில் மினுக்கறது பெரும்பாலும் கெட்டித் தங்கம் இல்லை. பித்தளை மேல் முலாம், அதாவது கவரிங். ஜில்லெட் கம்பெனி போன நூற்றாண்டின் முதல் பாதியில் இப்படிப்பட்ட செட்டுகளை நிறைய விற்றது. ரேசரில் 1904 நவம்பர் 15 என்று பொறித்திருந்தால் அது காப்புரிமை கிடைத்த தேதி, செய்த தேதி இல்லை. அதுக்கப்புறம் பல வருஷம் அதே தேதியைப் பொறித்தார்கள்.

முத்திரையைத் தேடுங்க. பிரிட்டிஷ் சாமானில் 375 என்றால் 9 காரட், 750 என்றால் 18 காரட். நடக்கும் சிங்கம் இருந்தால் பெரும்பாலும் வெள்ளி, மேலே தங்கப் பூச்சு. 'ரோல்டு கோல்டு' என்று எழுதியிருந்தால் தோல் மட்டும்தான் தங்கம். மரை சுற்றும் இடத்தையும் பாருங்க, முலாம் அங்கேதான் முதலில் தேயும்.

சந்தேகம் தீரலைன்னா தண்ணீர் சோதனை. எலக்ட்ரானிக் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்யம் ஆக்கி, ரேசரை நூலில் கட்டி முழுசா முங்கும்படி, அடியில் படாமல் தொங்கவிடுங்க. 60 கிராம் சாமான் பித்தளையானால் தராசு சுமார் 7 கிராம் காட்டும். 18 காரட் தங்கமானால் 4 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. அவ்வளவு பெரிய வித்தியாசம்! ஆனா பிரஷ்ஷுக்கு இது செல்லாது. கைப்பிடிக்குள் அரக்கோ மரமோ இருக்கலாம். எக்ஸ்ரே மெஷினும் மேல்தோலைத்தான் படிக்கும், கனமான முலாம் அதை ஏமாற்றிவிடும் :-)

கெட்டித் தங்கம்னு உறுதியானால், உருக்கு விலை என்பது அடிமட்ட விலை. அதுக்குக் கீழே போகாது, அவ்வளவுதான். செய்த பட்டறையின் முத்திரை, பெட்டி, பிரஷ், கிண்ணம் எல்லாம் ஜோடி பிரியாமல் இருப்பது, இதெல்லாம் சேகரிக்கிறவர் கொடுக்கிற விலை. உரைகல் இதில் ஒண்ணையும் சொல்லாது. முலாம் செட் ஆனாலும் முழுசா இருந்தால் வாங்க ஆள் உண்டு. தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க, புது முலாமும் வேண்டாம்.

வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்குதேன்னு பார்சல் கட்டறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். 1972ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனி ஆள் ஏற்றுமதி செய்ய முடியாது.