பழத்தின் வேடத்தில் சர்க்கரை

தோழனே!

ஆனித் திங்கள் முழுநிலவு நாளில் காரைக்கால் வீதிகளில் மாங்கனி மழையெனப் பொழிவதை நீ கண்டிருப்பாய். மாடியிலிருந்து வீசுவோர் ஒருபுறம்; மடியேந்திப் பிடிப்போர் மறுபுறம். பிடித்த கனியை உண்டால் பிள்ளைப்பேறு வாய்க்கும் என்பது அங்கே கூடுவோர் பலரின் நம்பிக்கை. நம்புவோர் நம்பட்டும், அந்த வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. நான் கேட்பது வேறு. கனிக்குக் கையேந்திப் பெற்ற பிள்ளைக்கு நாம் கொடுப்பது கனியா, கனியின் படம் ஒட்டிய டப்பாவா?

நாடகக்காரன் நான், வேடத்தின் அருமை அறிந்தவன். மேடையில் அரசனாக வருபவன், திரை விழுந்ததும் முடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறான். எவரும் ஏமாறுவதில்லை. கடைத்தட்டில் கட்டப்படும் வேடமோ கலைவதே இல்லை. பழ பானம் என்று பெயர் சூட்டிக்கொள்ளப் பத்து விழுக்காடு பழச்சாறு இருந்தால் போதும் என்கிறது நம் நாட்டு உணவு விதி. எலுமிச்சை என்றால் ஐந்தே போதும். மிச்சம்? நீரும் சர்க்கரையும்! நூறு மில்லியில் பத்து முதல் பதினைந்து கிராம் வரை சர்க்கரை இருப்பது இத்தகைய பானங்களில் வழக்கம்.

கணக்குப் போட்டுப் பார், தோழனே! உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்வகைச் சர்க்கரையிலிருந்து வரக்கூடாது. அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நலம் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. நாளொன்றுக்கு ஆயிரம் கலோரி உண்ணும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது 25 கிராம்; பாதியென்றால் பன்னிரண்டரை. ஒரு சிறு டப்பா அந்தக் கணக்கை ஏறத்தாழ முடித்துவிடுகிறது. பிறகு சோற்றுக்கு இடமேது? பருப்புக்கும் கீரைக்கும் பசியேது? முளைத்து வரும் பாற்பல்லுக்குக் காவலேது?

“டப்பா வேண்டாம், வீட்டிலேயே பிழிந்து கொடுக்கிறோம்” என்பாய். பிழிந்த சாற்றின் சர்க்கரையையும் அதே கணக்கில்தான் சேர்க்கிறது அந்நிறுவனம். மென்று தின்றால் ஒரு பழத்தோடு வயிறு நிறையும். சாறாக்கினால் மூன்று பழத்தின் சர்க்கரை மூன்று மடக்கில் இறங்கும், நார் சக்கையோடு போகும். இரண்டு வயது வரை சாறே வேண்டாம். இரண்டு முதல் ஐந்து வரை கொடுத்தே ஆகவேண்டுமெனில் நாளுக்கு 125 மில்லிக்கு மேல் வேண்டாம். முழுப்பழமே மேல் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019இல் அறிவித்தது.

இது பல்லோடும் பசியோடும் முடிந்துவிடும் கதையன்று. உயிரோடும் விளையாடிய கதை. 2022 ஜூலைத் தொடக்கத்தில் காரைக்காலில் வயிற்றுப்போக்கு பரவிற்று, காலராவும் உறுதியாயிற்று. பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டது; பள்ளிகள் மூடப்பட்டன. அந்நாளில் வீடுதோறும் தேவைப்பட்டது எது? உப்புச் சர்க்கரைக் கரைசல், ஓ.ஆர்.எஸ். பொட்டலம்! 1971இல் வங்க அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் பரவலாகக் கொடுத்து, சாவின் வாயிலிருந்து எண்ணற்றோரை மீட்ட கரைசல் அது. அதன் ஆற்றல் அளவிலே இருக்கிறது. ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் பதின்மூன்றரைக் கிராம்தான். உப்பும் சர்க்கரையும் கைகோத்துக் குடற்சுவரைக் கடக்கும்போது நீரையும் உடன் அழைத்துச் செல்லும். சர்க்கரை மிகுந்தாலோ, உடலின் நீரையே குடலுக்குள் இழுத்துக் கொட்டிவிடும். மருந்தே பகையாகிவிடும்!

அதே 2022, அதே ஜூலை! 14ஆம் நாள், இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் ஓர் அனுமதி வழங்கிற்று. சர்க்கரை மிகுந்த பானங்கள், “இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அன்று” என்று ஒரு வரி போட்டுக்கொண்டு, வணிகப் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்னும் எழுத்துகளைத் தாங்கலாம் என்பதே அந்த அனுமதி. முகத்தில் பொய், முதுகில் உண்மை! காய்ச்சலும் கழிச்சலுமாய்க் கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடிவரும் தாய், முதுகைத் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பாளா? ஐதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபர் 14இல்தான் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. மூன்றாண்டுகள், தோழனே, மூன்றாண்டுகள்!

விலக்கிய கை ஒன்று. வளர்க்கும் கை மற்றொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த சோடா, கலர் வகைகளுக்கு வரி 40 விழுக்காடு. காற்றடைக்காத பழச்சாற்றுப் பானங்களுக்கோ 12 விழுக்காடாக இருந்த வரி 5 ஆகக் குறைந்தது. குமிழியிட்டால் குற்றவாளி, குமிழியில்லையேல் குணவாளனா? நாக்குக்கு வேற்றுமை தெரியலாம், பல்லுக்குத் தெரியாது. வரி சர்க்கரையின் அளவைப் பார்க்க வேண்டும், பழத்தின் படத்தைப் பார்க்கக் கூடாது. 2018இல் பிரிட்டன் அளவு பார்த்து வரி விதித்தது. ஆலைகள் தாமாகவே சர்க்கரையைக் குறைத்தன.

பழியெல்லாம் டில்லிக்கும் ஆலைக்கும் என்று நாம் கை கழுவிவிட முடியுமா? பிறந்த பிள்ளையின் நாவில் சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது யார்? ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டாம் என்கிறது மருத்துவம். நாமோ பிறந்த அன்றே இனிப்புக்கு அடிமை ஓலை எழுதுகிறோம். நோயாளியைப் பார்க்கப் போனால் பழச்சாற்று டப்பா. அழும் பிள்ளையை அடக்கவும் அதே டப்பா. ஒரு பூவன் பழம் வாங்க அதைவிட அதிகக் காசு தேவையில்லையே!

ஆகவே, கிளைத் தோழனே, உனக்கு வேலை இருக்கிறது. நெடுங்காடாயினும் நிரவியாயினும், கோட்டுச்சேரியாயினும் திருமலைராயன்பட்டினமாயினும், உன் படிப்பக வாயிலில் ஒரு தட்டி வை. கழிச்சல் கண்ட பிள்ளைக்கு அரசு மருத்துவமனை தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், தாய்ப்பால், கஞ்சி. இனிப்புப் பானம் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுது. உன் தெருக் கூட்டத்துக்கு வரும் சிறுவர்க்குக் கலர் உடைத்துக் கொடுக்காதே. மோர் கொடு, வாழைப்பழம் கொடு. அங்கன்வாடிக்குப் பழம் வேண்டும் என்று கொம்யூன் பஞ்சாயத்தில் குரல் எழுப்பு. பானத்தின் சர்க்கரை அளவைப் பெட்டியின் முகத்திலேயே அச்சிடு என்று கையெழுத்து வாங்கி அனுப்பு.

வாக்குரிமை இல்லாதவர்கள் அந்தச் சின்னஞ்சிறுசுகள். அவர்களுக்காக வாதாட வாய் படைத்தவன் நீ. பிள்ளைக்குப் பழத்தைக் கொடு. பழத்தின் பெயரைக் கொடுக்காதே!