பல்லி ஏன் விழுகிறது என்று யாராவது கேட்டீர்களா?

பரீட்சை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. மூளை இப்போதுதான் கொஞ்சம் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது :-)

எனக்கு ஊர் காஞ்சிபுரம் என்று சொன்னதும் வெளியூர் ஆட்கள் கேட்பது இரண்டே கேள்விதான். ஒன்று, "டேய், பட்டுப் புடவை சீப்பா கிடைக்குமா?" இரண்டு, "அந்தத் தங்கப் பல்லியைத் தொட்டா தோஷமெல்லாம் போயிடுமாமே?" முதல் கேள்விக்குப் பதில்: கிடைக்காது. (நெய்கிற எங்களுக்கே கிடைக்காது.) இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

தெரியாதவர்களுக்கு: சின்ன காஞ்சிபுரம் வரதராஜ பெருமாள் கோயிலில் மேற்கூரையில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி என்று இரண்டு உருவங்கள் உண்டு. பக்கத்திலேயே சூரியன், சந்திரன். படியேறித் தொட்டு வணங்கிவிட்டு இறங்கினால், பல்லி மேலே விழுந்த தோஷம் போய்விடும் என்பது நம்பிக்கை. அத்திவரதர் வெளியே வந்த 2019-ல் வரதர் கோயிலைத் தேடி வந்த கூட்டம் உங்களுக்கே தெரியும். அத்திவரதருக்கு அடுத்தபடி எங்களிடம் எல்லோரும் வழி கேட்டது பல்லிக்குத்தான்.

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். கௌதம முனிவரிடம் இரண்டு சீடர்கள் படித்தார்களாம். பூஜைக்குத் தண்ணீர் கொண்டு வந்தபோது அதில் பல்லி விழுந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. முனிவர் கோபித்துக்கொண்டு, நீங்களும் பல்லியாகப் போங்கள் என்று சபித்துவிட்டார். பிறகு வரதர் அருளால் சாபம் நீங்கியது.

கதையை நன்றாகப் பாருங்கள். அந்த இரண்டு பேரும் மாணவர்கள். நம்மைப் போல. அவர்கள் செய்த தப்பு, பல்லியைக் கவனிக்காமல் விட்டதுதான். நாமோ வரிசையில் நின்று தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் டியூப் லைட் பக்கத்தில் இருக்கிற நிஜப் பல்லியைத் துடைப்பத்தால் விரட்டுகிறோம். ஒரு நாளாவது கவனித்திருக்கிறோமா?

எனக்கு இந்த எண்ணம் வரக் காரணம் எங்கள் ஆயா. (எங்கள் வீட்டில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்.) பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு தறி. ஆயாவின் வேலை பாவு பிணைப்பது. அதாவது தறியில் முடியப் போகிற பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பது. ஆயிரக்கணக்கான இழைகள். கண்ணில் புரை விழுந்தபோது முதலில் நின்றது அந்த வேலைதான். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. முதல் நாள் ராத்திரி ஆயா தலையில் பல்லி விழுந்தது.

எங்கள் வீட்டு நாள்காட்டியின் பின்பக்கம் பல்லி விழும் பலன் போட்டிருக்கும். தலைக்கு நேரே "கலகம்". அவ்வளவுதான், ஆபரேஷன் தள்ளிப் போனது. கோயிலுக்குப் போய்த் தொட்டுவிட்டு வந்தும் ஆயாவுக்கு மனசு சமாதானம் ஆகவில்லை. மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் ஊசியில் நூல் கோர்க்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டார்.

அப்போது ஒன்று உறைத்தது. பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று நம்மிடம் உச்சி முதல் பாதம் வரை பட்டியல் இருக்கிறது. பல்லி ஏன் விழுந்தது என்பதற்கு ஒரு வரி கிடையாது. அதைவிடப் பெரிய கேள்வி: மற்ற நேரமெல்லாம் அது ஏன் விழாமல் இருக்கிறது?

பசை என்று நினைத்தால் தப்பு. பல்லியின் பாதத்தில் பசை சுரக்கும் சுரப்பி இல்லை. காற்றை உறிஞ்சிப் பிடிக்கிறது என்றாலும் தப்பு, ஏனென்றால் காற்றே இல்லாத இடத்திலும் அது ஒட்டுகிறது. நகம் சொரசொரப்பான சுவருக்கு உதவும், கண்ணாடிக்கு உதவாது. அமெரிக்காவில் கெல்லர் ஆட்டம் என்பவரும் அவர் குழுவினரும் 2000-லும் 2002-லும் வெளியிட்ட ஆய்வுகளில்தான் விடை தெளிவானது.

பல்லியின் விரலுக்கு அடியில் வரிவரியாக மடிப்புகள். மடிப்பு முழுக்க நுண்ணிய மயிர்கள். டோக்கே என்கிற பெரிய ஜாதிப் பல்லிக்கு ஒரு காலில் மட்டும் சுமார் 5 லட்சம். ஒவ்வொன்றும் தனிப் பட்டு இழையின் பருமனில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். அந்த மயிரின் நுனி மறுபடியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. கணக்குப் போட்டால் ஒரு காலுக்கே கோடிக்கணக்கான நுனிகள்.

நம் கையைச் சுவரில் வைத்தால் தட்டையாகப் படிந்த மாதிரி தெரியும். உண்மையில் இரண்டு பரப்பும் மேடும் பள்ளமும்தான். அங்கங்கே சில புள்ளிகளில்தான் தொடும். பல்லியின் நுனிகளோ அந்தப் பள்ளங்களுக்குள்ளும் போய்ச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். அவ்வளவு நெருங்கினால் எந்த இரண்டு பொருளின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று லேசாக இழுக்கும். தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லாத இழுப்பு. கோடிக்கணக்கில் சேர்ந்தால்? டோக்கேயின் முன்னங்கால் இரண்டும் சேர்ந்து சுமார் 2 கிலோவைத் தாங்கும். ஜரிகை நிறையப் போட்ட முகூர்த்தப் புடவை இரண்டைக் கட்டித் தொங்கவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழுப்புக்குப் பெயர் வாண்டர் வால்ஸ் விசை. ஆமாம், பிளஸ் ஒன் வேதியியலில் வாயுக்கள் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதே வாண்டர் வால்ஸ்! சமன்பாட்டை எழுதி முழு மார்க் வாங்கினேன். கிளாஸ் சுவரிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தி வேறு ஏதோ கேட்டதற்கு, "அது சிலபஸ்ல இல்லம்மா, உட்காரு" என்றுதான் பதில் வந்தது. (அந்த ஆசிரியர் நல்லவர்தான். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.)

இவ்வளவு பலமாக ஒட்டினால் எப்படி ஓடுகிறது? விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி, பிளாஸ்திரியை உரிப்பது போல உரிக்கிறது. மயிரின் சாய்வு மாறினால் பிடி விட்டுவிடும். ஒட்டிக்கொண்டு இருக்க அதற்குத் தம் கட்ட வேண்டியதில்லை. செத்த பல்லியின் காலும் அதே பலத்தோடு ஒட்டும் என்று 2014-ல் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

அப்புறம் ஏன் விழுகிறது? சுவர் ஈரமாக இருந்தால் பிடி குறையும். பழைய சுண்ணாம்புச் சுவரில் பல்லி சுண்ணாம்பைத்தான் பிடித்திருக்கும், சுண்ணாம்பு சுவரைப் பிடித்திருக்காது. பூச்சியைத் துரத்தும்போதும் இன்னொரு பல்லியோடு இடத்துக்குச் சண்டை போடும்போதும் தவறி விழும். எங்கள் வீட்டில் கலகம் நடந்தது நிஜம்தான். அது கூரையில், இரண்டு பல்லிகளுக்கு நடுவில். ஆயா கீழே உட்கார்ந்திருந்தார், அவ்வளவே.

இதையெல்லாம் உட்கார்ந்து கவனித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ஓர் உதாரணம். ஆந்த்ரே கெய்ம் என்ற இயற்பியலாளர் 2000-ல் காந்தத்தால் தவளையை அந்தரத்தில் மிதக்க வைத்ததற்காக இக் நோபல் என்னும் கிண்டல் பரிசு வாங்கியவர். 2003-ல் பல்லிப் பாதத்தைப் பார்த்து ஒரு டேப் செய்தார். 2010-ல் கிராபீனுக்காக நிஜ நோபலே வாங்கிவிட்டார். நம் ஊரில் தவளை, பல்லி என்று சுற்றினால் "பொழப்பப் பாரு" என்பார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். "பல்லி விழுந்த சாப்பாடு விஷம்." நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் உடம்பிலும் எச்சத்திலும் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம், அவை வயிற்றைக் கெடுக்கும். ஆகவே விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடுங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். சத்துணவில் பல்லி, மாணவர்களுக்கு வாந்தி மயக்கம் என்று செய்தி வரும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பல்லி விஷம் என்று சொல்லி முடித்துவிட்டால், மூடி போடாத அண்டாவும் கழுவாத கரண்டியும் தப்பித்துக்கொள்கின்றன. எத்தனை மணிக்குச் சமைத்தது, எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது, எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. தோஷமும் விஷமும் இந்த விஷயத்தில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அடுத்த கேள்வியை நிறுத்திவிடுகின்றன.

கோயிலுக்குப் போகாதே, பல்லியைத் தொடாதே என்று நான் சொல்ல வரவில்லை. நானும் தொடுகிறவன்தான், விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போவதும் நான்தான். தொட்டுவிட்டு வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கும் போங்கள் என்கிறேன்.

ஆயாவுக்கு ஒருவழியாக ஆபரேஷன் நடந்து கண் தெளிந்தது. ஒரு நாள் ராத்திரி ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் ஒரு பல்லி ஈசலுக்காகக் காத்திருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றால் அதன் பாதம் அப்படியே தெரியும். நீங்களும் முயன்று பாருங்கள், லென்ஸ்கூட வேண்டாம். டார்ச் அடித்து ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"இன்னாடா இது, விரலுக்கு அடியில பாவு மாதிரி வரிவரியா ஓடுது?" என்றார்.